படுதாவில் ஒரு முகம்

"இந்தா, இன்னைக்கும் வந்துட்டா."

ஈஸ்வரி முணுமுணுத்தது பொற்கொடி காதில் விழுந்திருக்கும். அவள் சிரித்துக்கொண்டே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, சுஜிதா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பொற்கொடி குடும்பம் மலை மேலிருக்கும் ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்து இறங்கி, ராசிங்காபுரத்தில் ஈஸ்வரியின் அடுத்த வீட்டுக்குக் குடிவந்தது ஜூன் மாசம்தான். ஈஸ்வரி மகள் சுஜிதாவும் பொற்கொடியும் பிளஸ் ஒன். ரெண்டு பேரும் கணக்கு குரூப். போடியில் பள்ளிக்கூடம்தான் வேற வேற.

சுஜிதாவுக்குப் பத்தாவது வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்த கணக்கு, பிளஸ் ஒன்னில் மலையேற மாட்டேன் என்று நின்றுவிட்டது. காலாண்டில் பெயில். அடுத்த டெஸ்ட்டிலும் தேறவில்லை என்றால் வேற குரூப்புக்கு மாத்திவிடுவோம் என்று கணக்கு சார் சொல்லிவிட்டார். சுஜிதாவுக்கோ இன்ஜினியரிங் ஆசை.

இந்த நேரத்தில் தினமும் சாயங்காலம் இந்தப் பொண்ணு வேற, 'எனக்கு வெளங்கல, சொல்லிக் குடு' என்று வந்து உட்கார்ந்தால் ஈஸ்வரிக்கு எப்படி இருக்கும்?

அதுவும் கேட்கிற சந்தேகம் இருக்கிறதே!

"ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்னா, ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்தானடி?" என்றாள் பொற்கொடி.

"ஆமா" என்றாள் சுஜிதா, கொஞ்சம் இழுத்து.

"சரி, ரெண்டும் மூணும் போட்டுப் பாப்பம். கூட்டுனா அஞ்சு, ஸ்கொயர் பண்ணா இருவத்தஞ்சு. தனித்தனியாப் பண்ணா நாலும் ஒம்பதும் பதிமூணுதான வருது? மிச்சத்த எங்கடி விட்டேன்?"

சுஜிதா பேனாவைக் கடித்தாள். ஏ பிளஸ் பியை ஏ பிளஸ் பியால் ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்த்தாள். திடீரென்று முகம் மலர்ந்தது.

"மக்கு! நடுவுல டூ ஏபிய விட்டுட்ட. ரெண்டு இன்டு ரெண்டு இன்டு மூணு, பன்னெண்டு. அதான் மிச்சம்!"

"அட, ஆமால்ல" என்று பொற்கொடி தலையில் தட்டிக்கொண்டாள்.

இதுகூடத் தெரியாதவளுக்கு யார் கணக்கு குரூப் கொடுத்தார்கள் என்று ஈஸ்வரி அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். உங்க வீட்டில் சோலி இல்லையா என்று ஒருநாள் கேட்டாள். கரண்டு இல்லையா என்று இன்னொரு நாள் கேட்டாள். பொற்கொடி எல்லாவற்றுக்கும் சிரித்துவிட்டு, மறுநாளும் வந்தாள்.

டெஸ்ட் பேப்பரைத் திருத்திக் கொடுக்கிற அன்றைக்குக் காலையிலிருந்து சாரல். ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களோடு ஈஸ்வரியும் ஜீப்பில் மலையேறினாள். எஸ்டேட்டில் இறங்கும்போதுதான் பார்த்தாள். ஜீப்பு டிரைவர் அழகுமலை, சாரலுக்குப் பக்கவாட்டில் தொங்கவிடும் கிழிந்த படுதாவை எடுத்துவிட்டு ஒரு பழைய பிளெக்ஸைக் கட்டியிருந்தார். அதில் பொற்கொடி ரெட்டைச் சடையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரிய எழுத்தில், 'பத்தாம் வகுப்பு கணிதத்தில் நூற்றுக்கு நூறு'.

"உங்க அடுத்த வீட்டு மருதாயி மகதான். எஸ்டேட்டே சேர்ந்து வச்ச போர்டு" என்றார் அழகுமலை பெருமையாக.

ஈஸ்வரிக்கு அன்றைக்குக் கை காயை எடுத்தாலும் மனசு கொதித்தது. நூத்துக்கு நூறு வாங்கினவள் ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கிறாளா? என் புள்ளை நேரத்தைத் தின்று, அவளை மேலே வரவிடாமல் பண்ணத்தானே?

சாயங்காலம் பொற்கொடியை வாசலிலேயே மறித்தாள். சுஜிதா இன்னும் பஸ்சிலிருந்து வரவில்லை.

"ஏன்டி, உன் மூஞ்சியத்தான் அழகுமலையண்ணே ஜீப்புல கட்டிவச்சிருக்காரு. நூத்துக்கு நூறாம்ல? என் மககிட்ட எதுக்குடி இந்த நடிப்பு?"

பொற்கொடியின் சிரிப்பு நின்றது. முதல் வேலையாகத் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்த, மெதுவாப் பேசுங்க. கிளாஸ்ல சுஜிதா ஏதோ சந்தேகம் கேட்டதுக்கு எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம். பஸ்சுல வர்றப்ப அழுதுக்கிட்டே வந்தா. இனிமே செத்தாலும் யாருகிட்டயும் எதையும் கேக்க மாட்டேன்னுட்டா."

"அதுக்கு?"

"கேக்காதவளுக்கு எப்படி அத்த சொல்லிக் குடுக்குறது? அதான் நான் கேக்குறேன். அவ எதுல முழிக்கிறாளோ அதையே கேப்பேன்."

ஈஸ்வரி வாசலை விட்டு விலகி வழிவிட்டாள். அதற்குள் சுஜிதா தெருமுனையிலிருந்தே பேப்பரை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். பாஸ். வெறும் பாஸ் இல்லை, நல்ல மார்க்கு. குரூப் மாத்துகிற பேச்சே இல்லை என்று சார் சொல்லிவிட்டாராம்.

பொற்கொடி அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்துவிட்டுப் புத்தகம் எடுக்க வீட்டுக்கு ஓடினாள். சுஜிதா அம்மாவைத் தனியே இழுத்தாள்.

"யம்மா, இனிமே அவள வையாத. சுத்த மக்குதான், ஆனா நல்ல புள்ள. நான் சொல்லிக் குடுக்கலேன்னா பெயிலாயிருவா, பாவம்."

"சரித்தா" என்றாள் ஈஸ்வரி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அன்றைக்குக் காப்பியில் ரெண்டு ஏலக்காய் கூடுதலாகத் தட்டிப் போட்டாள்.

மறுநாள் காலையில் ஜீப்பு தெருவுக்குள் வந்ததும், ஈஸ்வரி முதல் ஆளாக ஓடிப்போய்ச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டயர் மேல் ஏறினாள். படுதாவை அவிழ்த்து, படம் உள்பக்கம் போக, வெறும் வெள்ளை வெளியே தெரியத் திருப்பிக் கட்ட ஆரம்பித்தாள்.

"என்னாத்தா, நம்ம புள்ள படம் நல்லாத்தான இருக்கு?" என்றார் அழகுமலை.

ஈஸ்வரி கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"எங்க வீட்டு டீச்சரம்மா இதப் பாத்துட்டா, பாடம் நின்னுபோயிரும்ண்ணே."