கள்ளுக்கடைக் கடிகாரம்

ஆற்றங்கரைக் கள்ளுக்கடையில் ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் தொங்கியது. யார் கையிலும் கடிகாரம் இல்லாத காலத்தில், தோணித்துறையில் நிற்பவருக்கும் மணி தெரியட்டும் என்று தாம்பாளம் அகல முகத்தோடு அதைச் செய்து மாட்டியிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் மணிக்கட்டிலிருந்த புதுக் கைக்கடிகாரம் சுவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது.

"அண்ணாச்சி, நீங்க அரை மணி நேரம் பின்னால ஓடுறீங்களே, தெரியுமா?"

சுவர்க்கடிகாரத்துக்குப் பெண்டுலம் வெலவெலத்தது. இத்தனை வருஷமாக ஊரையே ஏமாற்றிவிட்டோமே, இனிக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்களே என்று கலங்கியது.

அதற்குள் வெளியூர்க்காரர் மணிக்கட்டைப் பார்த்துப் பதறினார். "ஐயையோ, தோணி புறப்படுற நேரம்!" என்று கள்ளைப் பாதியில் வைத்துவிட்டுத் துறைக்கு ஓடினார். போன வேகத்திலேயே வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். துறையில் தோணி இருந்தது, தோணிக்காரரைக் காணோம்.

தோணிக்காரர் மாசிலாமணி கடை மூலையில் சாவகாசமாகச் சுண்டல் கொறித்துக்கொண்டிருந்தார்.

"எப்பங்க புறப்படுவீங்க?"

"பெரிய முள்ளு உச்சிக்கு வரட்டும்" என்று மாசிலாமணி சுவரைக் காட்டினார். "இந்த ஊர்ல சூரியனே அதைப் பார்த்துத்தான் சாயும்."

கடையே சிரித்தது. வெளியூர்க்காரரும் சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைத் திருகி அரை மணி பின்னுக்கு வைத்தார்.

"நான்தான் சரி! நான்தான் சரி!" என்று அது கத்தியது.

"தெரியும் தம்பி" என்றது சுவர்க்கடிகாரம், பெண்டுலத்தை ஆனந்தமாக ஆட்டிக்கொண்டு. "மூச்சு வாங்கிக்க. தோணிக்கு இன்னும் நேரம் இருக்கு."