எளிதில் காணலாம்

“இந்த ஒரு வரிதாங்க சார் எனக்குப் புரியலை” என்று ஹுமா ஆய்வேட்டைப் பேராசிரியர் பக்கம் நகர்த்தினாள்.

முனைவர் அர்த்தனாரி அதைத் தொடவில்லை. தான் எழுதியதைத் தானே எடுத்துப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

அருவக் கணிதத்தையே புரட்டிப் போடுவதற்காக எழுதிய ஆய்வேடு அது. கணிதம் புரண்டதாகத் தகவல் இல்லை. ஆனால் பேராசிரியர் ஓய்வு பெற்றுக் கொல்லிமலையில் மிளகுத் தோட்டம் வாங்கிய பிறகு, அந்த மலையில் அவர் இருக்கும் திண்ணனூர் நாட்டுக்கு மிளகு எடுக்க வரும் வியாபாரிகூட விலை பேசுமுன் அதன் முன்னுரையைக் கேட்டாக வேண்டும்.

வரி இதுதான்: ‘இது உண்மை என்பதை எளிதில் காணலாம்.’

ஹுமா மூன்று வருடமாகக் காண முயல்கிறாள். அவளுடைய ஆராய்ச்சி முழுக்க அந்த வரியின் மேல்தான் நிற்கிறது.

அதை மேற்கோள் காட்டிய பெரிய மனிதர்கள் எல்லோரும் எளிதில் கண்டிருந்தார்கள். அவளுடைய வழிகாட்டியும் கண்டிருந்தார். எப்படி என்று கேட்டால் மட்டும் அவருக்கு அவசரமாக ஒரு மீட்டிங் வந்துவிடும். எளிதானதே தெரியாதவளுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று போன வாரம் கேட்டும்விட்டார்.

அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில், தன் மளிகைக் கடையில் அத்தா அவளுக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறார். இன்று பதில் கிடைக்காவிட்டால் நாளை அதில் உட்கார்ந்துவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பஸ்ஸில் மலை வளைவுகளில் ஏறி வந்திருந்தாள்.

“இதெல்லாம் அடிப்படைங்க அம்மிணி” என்றார் அர்த்தனாரி. “பார்த்த உடனே தெரியோணும்.”

“தெரியலீங்களே சார். நீங்க எப்படிப் பார்த்தீங்கன்னு சொன்னாப் போதும்.”

அர்த்தனாரி விட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணிதத்தில் உள்ளுணர்வின் இடம் என்று ஆரம்பித்து, கிரேக்க தேசம் வரைக்கும் போய்விட்டார்.

இவ்வளவு பெரியவர் இத்தனை தூரம் சுற்றிப் போகிறார் என்றால், நமக்கு இது எட்டாது. ஹுமா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

காபி கொண்டு வந்த அவர் மனைவி தெரசா, டம்ளரை வைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தாள்.

“அட, இந்தப் பக்கமா. இது நான் போட்ட வரியாச்சே கண்ணு.”

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“அப்போ, டாக்டர் பட்டம் வாங்குனாத்தான் பொண்ணு தருவேன்னு எங்கப்பா ஒத்தக் கால்ல நிக்கறாரு. டைப் அடிக்கறது நானு. இவரானா இந்த இடத்தை மட்டும் காலியா உட்டுட்டு, நாளைக்குத் தாரேன், நாளைக்குத் தாரேன்னு ஒரு வருசம் ஓட்டிட்டாரு. மத்த பக்கமெல்லாம் எளிதில் காணலாம், எளிதில் காணலாம்னு இருந்துச்சு. இங்கயும் அதையே அடிச்சு உட்டேன். இவரும் படிச்சுட்டுத் தலையாட்டுனாரு. வைவா எடுக்க வந்தவங்களும் ஆட்டுனாங்க. அடுத்த மாசம் கல்யாணம்.”

அர்த்தனாரி ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்தார். வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோல, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். திரும்பவும் படித்தார்.

ஹுமா பையைக் கீழே வைத்தாள்.

“அப்படீன்னா... இதை இன்னும் யாருமே நிரூபிக்கலீங்களா சார்?”

நீளமான விளக்கம் ஒன்று அவர் வாய் வரைக்கும் வந்தது. வெளியே வந்தது ஒரே சொல்.

“இல்லீங்க.”

மூன்று வருடத்தில் முதல் முறையாக ஹுமாவுக்கு அந்த வரி அழகாகத் தெரிந்தது. அது பூட்டிய கதவு இல்லை. அங்கே கதவே இன்னும் வைக்கவில்லை.

அர்த்தனாரி நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீங்க எது வரைக்கும் வந்திருக்கறீங்க?”

அவள் காட்டத் தொடங்கினாள். அவர் குறுக்கே பேசவில்லை.

“காபி ஆறுது” என்றாள் தெரசா. “இந்தத் தடவை டைப் அடிக்க என்னையக் கூப்பிட்டுறாதீங்க.”