ஒருவேளைகூடத் தவறாதவர்

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலியை வடிவமைத்தவள் அறிவுமதி. போனில் ஏற்றிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் கைகழுவிவிட்டார்கள். பிச்சமுத்து மட்டும் ஒருவேளைகூடத் தவறாமல் ‘சாப்பிட்டேன்’ என்று அழுத்திவந்தார். அவரை எது பிடித்துவைத்திருக்கிறது என்று தெரிந்தால் செயலி பிழைத்துக்கொள்ளும். நேரில் கேட்க ஸ்ரீரங்கத்துக்கே போனாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி வள்ளிக்கண்ணு. கையிலிருந்த போன் மணியடித்தது, பார்க்காமலே அழுத்தினாள்.

“ஐயா இல்லீங்களா?”

“ஆடியிலேயே போய்ச் சேர்ந்துட்டாரும்மா.”

“அப்ப தினமும் அழுத்துறது?”

“நான்தான். இல்லேன்னா விடாம கத்துது.”



“போன்லேர்ந்து நீக்கிடலாமேம்மா?”

“நீக்கப் போனா, ‘பிச்சமுத்து நல்லா இருக்க வேண்டாமா?’ன்னு கேக்குது.”

விட்டுப்போகிறவர்களைத் தடுக்க அறிவுமதியே யோசித்து எழுதிய வரி அது.

வள்ளிக்கண்ணு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“‘வேண்டாம்’னு எப்படிம்மா அழுத்துறது?”