நடுக்கடலில் நின்ற பாட்டு

பாட்டு பட்டென்று நின்றது.

கப்பலின் மேல்தளத்தில் நீச்சல்குளத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்கள், தூக்கிய கையை இறக்காமல் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் மடித்துக் கட்டிய வேட்டியோடு ஒரு பெரியவர். கையில் பிடுங்கிய ஒயர்.

அன்புசெல்வனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அது அவனுடைய அப்பா ஏழுமலை.

அன்பு, கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் சூப்பர்வைசர். ஆலையிலிருந்து நாலு குடும்பம் சேர்ந்து சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியிருந்தார்கள். மூன்று நாள் பயணம். இன்று நடுநாள். கரையே கண்ணில் படாது. சாப்பிட்டு, ஆடி, சாய்ந்து கிடக்க வேண்டிய நாள். பழவேற்காட்டுக் குப்பத்தில் நாற்பது வருஷம் மீன்பிடித்த அப்பாவை, "ஒரே ஒரு தபா சும்மா ஒக்காந்து கடலப் பாரு நைனா" என்று கெஞ்சி அழைத்து வந்ததே அன்புதான்.

"அன்பு, உங்க அப்பாவா?" என்றார் மேனேஜர் விமல். கேட்ட விதமே சுருக்கென்றது.

"ஆமா சார். சாரி சார்."

அன்பு ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தான். "இன்னா நைனா இது? ஒயரக் குடு. எல்லாரும் நம்மளயே பாக்குறாங்க."

"என்னை ஏன்டா பாக்குறாங்க? அதோ, அங்க பாக்கச் சொல்லு!"

அவர் காட்டிய திசையில், வெகுதூரத்தில், ஒரு சின்னப் பச்சைப் படகு. அதில் யாரோ துணியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஹாய் சொல்றாங்க தாத்தா. நாங்க எல்லாரும் டாட்டா காட்டினோமே!" என்றாள் அன்புவின் மகள் பூமிகா.

"டாட்டா காட்ட எவனாவது கட்டின லுங்கிய அவுத்துக் கம்புல கட்டுவானாம்மா?" ஏழுமலை கத்தினார். "படகு அலைக்குக் குறுக்கால கெடக்குது பாரு. இன்ஜின் ஓடுற படகு அப்டி நிக்காது. அவன் உசுருக்குக் கையாட்டிக்கினு கீறான். நீங்க அத்தப் போட்டோ புடிச்சிக்கினு கீறீங்க!"

"நாங்க லீவு போட்டுட்டு வந்திருக்கோம் சார்," கூட்டத்தில் ஒருவர் எரிந்து விழுந்தார். "இவரை மொதல்ல கூட்டிட்டுப் போங்க."

"பெரியவருக்கு வெயில் ஒத்துக்கலபோல, அன்பு. ரூம்ல படுக்க வைங்க," என்றார் விமல்.

அன்பு அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தான். அவர் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையவில்லை.

"வா நைனா! என் மானத்த வாங்காத!"

"ஏங்க, கொஞ்சம் இருங்க," என்று குறுக்கே வந்தாள் அன்புவின் மனைவி பானு. "கடல் விஷயத்துல மாமா தப்பா சொல்லமாட்டாரு."

அவள் நிற்காமல் ஓடிப்போய், வெள்ளை யூனிபார்ம் போட்ட அதிகாரி ஒருவரை அழைத்து வந்தாள். அவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். ஒரு நொடிதான். வாக்கி-டாக்கியை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் கப்பலின் வேகம் குறைந்தது. அவ்வளவு பெரிய கப்பல் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது.

மூன்று பேர். இன்ஜின் பழுதாகி நாலு நாள் ஆகியிருந்தது. குடிதண்ணீர் தீர்ந்து ஒன்றரை நாள். கப்பலிலிருந்து இறக்கிய மீட்புப் படகில் அவர்களை ஏற்றியபோது, ஒருவருக்கும் தானாக நிற்கக்கூடத் தெம்பில்லை.

மேல்தளத்தில் கைதட்டல் அடங்கவே இல்லை. எரிந்து விழுந்தவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். விமல் வந்து ஏழுமலையின் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்தார். "எனக்கு அப்பவே ஏதோ தோணுச்சு அன்பு," என்றார்.

அன்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினான்.

மருத்துவ அறை வாசலில், போர்வை சுற்றிய மூன்று பேரையும் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். கடைசியில் வந்தவன் ஏழுமலையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கும்பிடக் கையைத் தூக்கினான். முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போனான்.

அன்புவுக்கு முகம் இறுகியது. பக்கத்துக் குப்பத்துத் தேசப்பன். வலை போடுகிற இடத்துக்காகப் போன வருஷம் நடந்த தகராறில், துடுப்பால் அப்பாவின் மண்டையைப் பிளந்தவன். பதினோரு தையல். ஆஸ்பத்திரி வாசலில் அன்பு சொன்ன வார்த்தை குப்பத்துக்கே தெரியும்: "அவன் என் கண்ணெதிர்ல செத்தாலும் ஒரு வாய் தண்ணி குடுக்கமாட்டேன்."

"இந்தாளுக்காகவா? உனக்கு யாருன்னு தெரியாமப் பூடுச்சே நைனா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏன் தெரியாம? அந்தப் பச்சைப் படகு எனக்குத் தெரியாதா? பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சு."

அன்பு திகைத்துப் போனான். கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது.

"தெரிஞ்சேதான் கத்தினியா? சரி, ஒயரப் புடுங்குறதுக்கு முன்னால என்னாண்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் பதினஞ்சு அடி தூரத்துலதானே நின்னேன்? பெத்த புள்ள மேல அவ்ளோ நம்பிக்கை இல்லியா ஒனக்கு?"

ஏழுமலை மகனின் பக்கம் திரும்பினார்.

"உன்னாண்ட சொல்லத்தான்டா வந்தேன். பாதியிலயே திரும்பிட்டேன். யாரு படகுன்னு கேப்பே. எனக்குப் பொய் சொல்ல வராது. 'கெடக்கட்டும் வுடு'ன்னு நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டீன்னு வையி... அப்பால உன் மூஞ்சில நான் எப்டிடா முழிக்கிறது?"