ஒரு டிக் குறைகிறது

ரிவால்வரின் சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். தோட்டா போடும் உருளை சுழன்று வந்து, நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுவிட்டது.

உருளை பூட்டிக்கொள்ளும்போது கடைசியில் கேட்க வேண்டிய ‘டிக்’ கேட்கவில்லை.

“இன்னுமா?” என்றாள் என் மனைவி வெர்னா. மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும்தான்.”

தோட்டாக்களை எல்லாம் எடுத்து ஜன்னலோரம் வைத்திருந்தேன். எலிவால் தடிமனே உள்ள சின்னத் தோட்டா, கைக்கு அடக்கமான துப்பாக்கி. இதுகூடவா என்னை இப்படிப் படுத்த வேண்டும்?

வெர்னாவின் அண்ணன் ஆர்வில் போன வாரம் என் வேட்டைநாய்க்குட்டியை வாங்கிக்கொண்டு இதை என் தலையில் கட்டினான். அவனிடம் இதே மாதிரி இரண்டு இருந்தன. எனக்குக் கொடுத்த இதைச் சுட்டால் ஈயத் துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால், “குட்டி என் பூட்ஸத் தின்னு முடிச்சிருச்சு மச்சான், வியாபாரமும் முடிஞ்சிருச்சு” என்கிறான்.

நாளை தீயணைப்பு நிலையத்தில் சுடும் போட்டி. பரிசு, உப்பிட்டுப் புகைபோட்ட முழுப் பன்றித்தொடை. ஈயம் தெறிக்கிற துப்பாக்கியோடு வருகிறவனை அங்கே சுட விடாமல் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள்.

வருஷா வருஷம் ஆர்வில்தான் ஜெயிக்கிறான். வருஷா வருஷம் நான்தான் இரண்டாவது. போட்டி நாளன்றுதான் துப்பாக்கியை உறையிலிருந்தே எடுப்பான், அவ்வளவு திமிர். அவனை ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டால் போதும், கெண்டக்கி மலை முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

போன வருஷம் வெர்னாவும் பெயர் கொடுக்கிறேன் என்றாள். “பொம்பளைங்களுக்குத்தான் கேக் போட்டி இருக்கே” என்று ஆர்வில் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன் என்பது வெர்னாவின் கட்சி.

குழலுக்குள் ஒரு மரக்குச்சியை விட்டுப் பார்த்தேன். அது உருளையின் அறைக்குள் வழுக்கிப் போகாமல் விளிம்பில் முட்டியது. ஆறு அறையிலும் அதே கதைதான். குண்டும் போகிற வழியில் இப்படித்தான் முட்டிச் சீவப்படுகிறது.

அழுக்காக இருக்கும் என்று பல் பிரஷ்ஷை எடுத்தேன். நான் சுட்ட ஒன்றிரண்டு குண்டின் புகையைத் தவிரத் தேய்க்க ஒன்றுமில்லை, ஆர்வில் துப்பாக்கியா இவ்வளவு சுத்தம் என்று ஆச்சரியமாக இருந்தது. ஸ்பிரிங்கைப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது. உருளையைத் தள்ளிவிடும் சின்னக் கொக்கி தேய்ந்திருக்குமோ என்று அதையும் கழற்றிப் பார்த்தேன். முனை மழுங்கவே இல்லை.

“இவ்வளவு பீன்ஸ் எதுக்கு? வீட்டுல ஒரு துண்டு கறிகூட இல்லையே,” என்றேன். எரிச்சலை எங்கேயாவது காட்ட வேண்டுமே. பன்றி எலும்பு போடாமல் பீன்ஸ் வேகவைப்பதை எங்கள் ஊரில் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

“நீ உன் வேலயப் பாரு ஹோபர்ட்.”

நடு அச்சை உருவினால் உருளை தானாக உள்ளங்கையில் வந்து விழும். விழுந்தது. விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தேன்.

இந்த ரகத்தில் ஒவ்வொரு உருளையும் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே இழைத்துப் பொருத்தியது. மாறிவிடக் கூடாது என்று துப்பாக்கி எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை உருளையின் முகத்திலும் கீறியிருப்பார்கள்.

துப்பாக்கியில் 418. உருளையில் 907.

குதித்தே விட்டேன்.

“இது இதோட உருளையே இல்ல வெர்னா! உங்கண்ணன் ரெண்டையும் ஒண்ணாக் கழட்டிப் போட்டுத் தொடச்சு, மாத்தி மாட்டியிருக்கான் மடையன்! நாளைக்கு அவனுக்கும் தெறிக்கும் பாரு!”

ஒரு நிமிஷம் கெட்ட புத்தி எட்டிப் பார்த்தது. சொல்லாமல் விட்டால் அவனும் பெஞ்சில்தான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தவனை ஜெயித்து என்ன பெருமை? அதுவும் நானே அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு! உருளைகளை மாற்றிக்கொண்டால் இரண்டு பேரும் ஒழுங்காகச் சுடலாம். போனை எடுத்தேன்.

“நாளைக்குச் சாயங்காலம் பேசிக்கயேன்,” என்றாள் வெர்னா, பீன்ஸிலிருந்து கண்ணெடுக்காமல்.

“ஏன்? போட்டி முடிஞ்சப்புறம் பேசி என்ன பிரயோஜனம்?”

அவள் அடுத்த பீன்ஸை எடுத்து நார் உரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆர்வில் பிறந்ததிலிருந்து ஒரு துப்பாக்கியைக்கூடத் துடைத்தவன் இல்லை. அழுக்கானதும் தங்கச்சியிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான், கழற்றித் துடைத்து மாட்டுவதெல்லாம் வெர்னாதான். நாய்க்குட்டி பேரம் பேசி முடித்த அன்றும் இரண்டையும் இதே மேசையில்தான் போட்டுவிட்டுப் போனான்.

வெர்னா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு, துணி சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தாள். இன்னொரு ரிவால்வர். அதுவும் பழசுதான், எப்போது வாங்கினாளோ தெரியாது. தோட்டா இல்லை என்று திறந்து பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திருப்பிச் சுத்தியலை இழுத்தாள்.

டிக்.

அந்த வாரம் முழுக்க நான் கேட்க ஏங்கிய சத்தம்.

“பேரு குடுத்தாச்சு,” என்றாள்.

பிறகு வீட்டில் இருந்ததிலேயே பெரிய பானையை எடுத்து, உரித்த பீன்ஸை அதில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள்.

“எலும்பு நாளைக்கு வந்துரும்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு, மிச்சமிருந்த பீன்ஸை என் பக்கம் இழுத்து நார் உரிக்க ஆரம்பித்தேன்.