மை போன வழி

நீச்சல் குளத்துத் தண்ணீர் தினமும் ஸ்கிம்மரின் வாய்வரை இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது என்று வீட்டுக்காரர் நல்லதம்பி சொன்னதுமே, கசிவை அடைக்க வந்திருந்த இருதயராஜுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இலைதழைகளை இழுத்துக்கொள்ளும் அந்தப் பெட்டி, தெருப்பக்கச் சுவரை ஒட்டிப் பதிக்கப்பட்டிருந்தது. மோட்டாரை நிறுத்தச் சொன்னான். அலை அடங்கியதும் ஊசிக்குழலால் சிவப்பு மையைச் சொட்டுவிட்டான். மை கலையாமல் நூலாக நீண்டு, பெட்டியின் மூலையிலிருந்த மயிரிழைக் கீறலுக்குள் விறுவிறுவென்று போனது.

"அப்படி எங்கதான்யா போகுது?" என்றார் நல்லதம்பி.

வரும்போதே அதைப் பார்த்திருந்தான் இருதயராஜ். இந்தக் கோடையிலும் தெருவில் சுவரடியில் தண்ணீர் கசிந்தது. யாரோ அங்கே மஞ்சள் பூசி வேப்பிலை செருகியிருந்தார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி அந்த ஈரத்தைத் தொட்டு, காய்ச்சலில் துவண்ட பிள்ளையின் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மண்ணுக்குள்ளதான் சார்" என்றபடி, அடைப்பதற்கான, சில நிமிடங்களிலேயே கல்லாகிவிடும் பசையைப் பிசைந்து உருட்டினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் வீறிட்டது. "ஏ, ஓடியாங்கடி! ஆத்தா குங்குமமா வர்றா!" குலவைச் சத்தம் எழுந்தது.

"என்னப்பா அது?"

"சாமி கும்புடுறாங்க சார்."

"சரி, நீ அடை."

இருதயராஜ் ஊசிக்குழலை மறுபடி எடுத்து, மிச்ச மை முழுவதையும் கீறலுக்குள் மெதுவாகச் செலுத்தினான்.

"அதான் கண்டுபிடிச்சாச்சே, இன்னும் எதுக்கு மை?"

"ஒருதடவ பாத்துக்கிறேன் சார்."

குலவை ஓங்கியது. அவனுடைய இன்னொரு கையில் பசை சூடேறி இறுகிக்கொண்டிருந்தது.