மச்சான் மூக்கு

மரியான் கண்ணை மூடி, வாயைத் திறந்து, நாக்கை நீட்டினான். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்கள் நற்கருணை வாங்குகிறான் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் எதிரே நின்றது சாமியார் இல்லை, பொண்டாட்டியின் அண்ணன் ஜேசுபாதம். இடமும் கோயில் இல்லை, வள்ளம் தள்ளுகிற கடற்கரை.

"ஊது மாப்ளே."

மரியான் ஊதினான். ஜேசுபாதம் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, சரி ஏறு என்று தலையை ஆட்டினான். வள்ளத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். நாற்பது வயசு ஆம்பளை, சங்கு குளிக்கிறதில் கெட்டிக்காரன், விடிந்ததும் விடியாததுமாக எல்லார் முன்னாலும் வாயைப் பிளந்து காட்டுகிறான். வெட்கம் என்று ஒன்று இருந்தால் செய்வானா?

ஆனால் அவனை அப்படித்தான் நடத்த வேண்டும். சர்க்கார் சாராயக்கடையைத் திறந்ததில் இருந்து அவன் செய்த சத்தியங்கள் கொஞ்சநஞ்சமா? மாதா கோயில் கொடிமரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தான். கொடி இறங்குவதற்குள் குடித்தான். சாம்பல் புதனன்று இனித் தொடவே மாட்டேன் என்றான்; நெற்றிச் சாம்பலோடு கடை வாசலில் நின்றான். கரையில் இற்றுப்போன கயிற்றுக்கே 'மரியான் சத்தியம்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

போன கார்த்திகையில் போதையோடு கடலில் இறங்கி, மேலே இழுத்தபோது பாதிப் பிணமாக வந்தான். மூக்கிலும் காதிலும் ரத்தம். அன்றைக்குத்தான் ஜேசுபாதம் கறாராகச் சொன்னான், இனி தினமும் வாயை மோந்து பார்ப்பேன், துளி வாடை வந்தாலும் கயிற்றைத் தொடமாட்டேன் என்று.

அது சும்மா மிரட்டல் இல்லை. இந்தக் கரையில் கடலுக்குள் முங்குகிறவனின் கயிற்றை அவன் பொண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். கூடப் பிறந்தவள் தாலியறுப்பதை எவனும் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டான், அந்த நம்பிக்கைதான். மச்சான் கைவிட்டால் தொழில் போச்சு. கண்டவன் கையில் கயிற்றைக் கொடுத்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

அன்றைக்கு நின்றது குடி. அஞ்சு மாசமாக நிஜமாகவே ஒரு சொட்டு இல்லை. பக்கத்தில் படுக்கிறவளுக்குத் தெரியாமலா போகும்? ஆனால் ஊரில் ஒருத்தர்கூட மரியானைப் பாராட்டவில்லை. பாராட்டெல்லாம் மூக்குக்குத்தான். கழுதை ஒழுங்காக நடந்தால் கழுதையையா மெச்சுவார்கள்? கம்பு வைத்திருக்கிறவனைத்தானே மெச்சுவார்கள்.

ஜேசுபாதமும் லேசுப்பட்ட ஆள் இல்லை. சங்குக்குள் இருக்கிற கறியை அழுகவிடுகிற குடோன் பக்கம் போகிறவர்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவார்கள். அவன் அந்தச் சுவரோரமே உட்கார்ந்து, மூக்குப்பொடியை ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து நிதானமாக இட்லி தின்பான். எதற்கும் அசையாத மனுஷன். அப்படி ஒருத்தன் நின்றால்தான் மரியான் மாதிரிப் பயல்கள் வழிக்கு வருவார்கள்.

டீக்கடை அய்யாக்குட்டி அண்ணாச்சி மரியானைக் கண்டால் விடமாட்டார். எங்களுக்கும் கொஞ்சம் ஊதிக் காட்டேன் என்பார். பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். மரியான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் போவான். அந்த வாய்க்குப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

சங்கு சீசனின் கடைசி நாள், வள்ளம் கரை சேரும்போது மரியான் பொண்டாட்டி அந்தோணியம்மாள் கையில் ஒரு காகிதத்தோடு ஓடி வந்தாள். அண்ணனுக்குப் புது ஹார்பரில் வாட்ச்மேன் வேலைக்கு வந்த ஆர்டர். நாலு வருஷம் நாயாய் அலைந்து ஜேசுபாதம் கேட்டிருந்த வேலை. அது கிடைத்தால், சரக்குத் தோணியில் போய்க்கொண்டிருந்த அவன் தம்பி வில்பிரட் கரைக்கு வந்து கயிறு பிடிப்பான் என்று முன்பே பேச்சு.

கயிற்றைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. வில்பிரட்டுக்கு அத்தான் என்றால் அத்தனை மரியாதை, ஊதுங்க என்று கேட்க அவனுக்கு நாக்கு எழும்பாது என்று அழுதாள். இந்த மனுஷனுக்கென்று சொந்தமாக ஒரு வைராக்கியம் கிடையாது, மூக்கு விலகிய மறுநாளே கடையில் நிற்பார், அடுத்த சீசனில் பிணமாகத்தான் தூக்குவீர்கள் என்று கரையே கேட்கச் சொன்னாள்.

மரியான் ஈரத் துண்டோடு தலையைக் குனிந்து நின்றான். அவனுக்காக யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்குப் பேச வேண்டும்? அவள் சொன்னதில் என்ன தப்பு?

"ஒன் மூக்குதாண்ணே என் தாலி. இந்த வேலைக்குப் போகாத."

ஜேசுபாதம் ஆர்டரை வாங்கினான். எதையோ சொல்ல வாயெடுத்தான், மாப்பிள்ளை நிற்பதைப் பார்த்துவிட்டு முழுங்கிக்கொண்டான். தங்கச்சி அழுகை நிற்பதாக இல்லை. கடைசியில் கிழித்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு கையாலும் காகிதத்தைப் பிடித்தான்.

மரியான் வந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான். பொண்டாட்டி பக்கம் திரும்பி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"ஏளா, ஒங்கண்ணனுக்கு மோப்பம் செத்து ரெண்டு வருசமாச்சு."